புத்தகத்தில் படித்த தலைமை ஷாப் ஃப்ளோரில் எடுபடுமா?

கேள்வி: ஐயா, கோவையில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல். ஆபரேட்டராகச் சேர்ந்து, மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டராகி, ஆறு மாதம் முன்பு ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனேன். எனக்குக் கீழே 18 பேர். அதில் ஒருவர் எனக்கே தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன். பாதிப்பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். முதலாளியின் மகன் எம்பிஏ படித்தவர். லீடர்ஷிப் கற்றுக்கொள்ளச் சொல்லி 'குட் டு கிரேட்' முதலாகச் சில பிசினஸ் புத்தகங்கள் கொடுத்தார். ராத்திரி உட்கார்ந்து படிக்கிறேன். படித்தபடி மீட்டிங்கில் எல்லோரையும் பாராட்டிப் பேசினால், 'சார், இன்னைக்கு எந்தப் பாடம்?' என்று கிண்டல் செய்கிறார்கள். போன மாதம் நைட் ஷிப்டில் 90 பீஸ் போர் (உள்துளை) பெரிதாகி ரிஜெக்ட் ஆனது. இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றியபின் ஆஃப்செட்டைச் (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) சரிசெய்யவில்லை. ஓட்டிய பையனுக்கு நடுவிலேயே தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. மூன்று மெஷினுக்கு துளையை அளக்க ஒரே போர் கேஜ், அது வேறு மெஷினில் இருந்தது என்று சாக்குச் சொல்கிறான். இதற்கு முன் இதேபோல் நடந்தபோது ஒருவருக்கு அரை நாள் சம்பளம் பிடித்தோம். அப்படியும் யாருக்கும் பயம் வரவில்லை. அந்த அண்ணனும் நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. அவரை இனி 'அண்ணே' என்று கூப்பிட்டால் மரியாதை போய்விடும் என்கிறார் மானேஜர். இந்தப் புத்தகங்களால் என்னைப் போன்றவனுக்குப் பிரயோஜனம் உண்டா? ஒன்றே ஒன்று படிக்கலாம் என்றால் எது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பிரயோஜனம் உண்டு. தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. உங்களைப் போல மெஷினிலிருந்து மேலே வந்தவர்கள்தான் இந்தப் புத்தகங்களிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் இருப்பவற்றில் இரண்டு ரகம் கலந்து கிடக்கிறது. அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

'இந்தக் கம்பெனிகள் எப்படி ஜெயித்தன' என்று சொல்பவை ஒரு ரகம். நீங்கள் எழுதிய பட்டியலில் முதலில் இருக்கும் ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' அந்த ரகம். 2001-ல் வந்து உலகம் முழுக்க விற்ற புத்தகம். சாதாரண நிலையிலிருந்து உச்சத்துக்குப் போன கம்பெனிகள் என்று 11 பெயர்களை எடுத்து, அவற்றின் தலைவர்களிடம் பொதுவாக இருந்தது என்ன என்று ஆராய்ந்தார். அந்த 11-ல் ஒன்று சர்க்யூட் சிட்டி என்ற அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடைத் தொடர். 2008-ல் திவாலாகி, அடுத்த வருடமே கடைகளை மொத்தமாக மூடியது. இன்னொன்று ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிதி நிறுவனம். 2008 செப்டம்பரில் அமெரிக்க அரசே அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்காகப் புத்தகம் பொய் என்று நான் சொல்லவில்லை. உழைத்து எழுதிய புத்தகம்தான். சிக்கல் முறையில் இருக்கிறது. ஜெயித்தவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏன் ஜெயித்தாய் என்று கேட்டால், சுற்றியிருக்கும் எல்லோரும் எங்கள் தலைவர் அருமையானவர், நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம் என்றுதான் சொல்வார்கள். பில் ரோசன்ஸ்வீக் என்பவர் 2007-ல் இதைப் பற்றியே 'த ஹேலோ எஃபெக்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் பங்கு விலை ஏறிக்கொண்டிருந்தபோது அதன் தலைவரைப் பத்திரிகைகள் எதற்காகப் புகழ்ந்தனவோ, விலை சரிந்ததும் ஏறக்குறைய அதே விஷயங்களுக்காகத் திட்டின என்று எடுத்துக்காட்டுகிறார்.

உங்கள் ஷாப்பிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஃபவுண்ட்ரியிலிருந்து (வார்ப்பாலை) நல்ல காஸ்டிங் வரும் மாதம் டார்கெட் தாண்டும், சூப்பர்வைசர் தங்கமான மனுஷன் ஆகிவிடுவார். அடுத்த மாதம் புளோ ஹோலோடு (வார்ப்பில் காற்று அடைத்த ஓட்டை) காஸ்டிங் வந்து ரிஜெக்‌ஷன் ஏறினால் அதே ஆளுக்கு 'கன்ட்ரோல் பத்தாது' என்பார்கள். இரண்டு மாதமும் அவர் செய்தது ஒரே வேலைதான். அதனால் ஜெயித்த கதைகளை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள்.

இன்னொரு ரகம், தன் வேலையைத் தானே செய்து பார்த்தவர்கள், அல்லது வேலை நடக்கும் இடத்தில் நின்று கவனித்தவர்கள் எழுதியது. அதில் பெரிய தத்துவம் இருக்காது. ஆள் வந்து ஒரு தப்பைச் சொன்னால் நீ முதலில் என்ன பேசுகிறாய், வாரத்தில் எத்தனை தடவை அவனோடு தனியாக உட்காருகிறாய் என்ற அளவில்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இந்த ரகம். உங்கள் 90 பீஸை வைத்தே சொல்கிறேன்.

'அப்படியும் யாருக்கும் பயம் வரவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் மட்டும் நான் உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன். பயம் வந்துவிட்டது. நன்றாகவே வந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பையன் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு அவன் நிலையில் நின்று யோசியுங்கள். இன்சர்ட் தேயத் தேய போர் சின்னதாகும், அதை ஈடுகட்ட அவன் ஆஃப்செட் கூட்டிக்கொண்டே வந்திருப்பான். புது இன்சர்ட் போட்டதும் அந்த ஆஃப்செட்டைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டான், போர் பெரிதாகிவிட்டது. இருபதாவது பீஸிலோ முப்பதாவது பீஸிலோ அவனுக்குச் சந்தேகம் வருகிறது. இப்போது சொன்னால் 30 பீஸுக்கு மெமோ, அரை நாள் சம்பளம். சொல்லாவிட்டால் ஒருவேளை இன்ஸ்பெக்‌ஷனில் யார் ஷிப்ட், எந்த மெஷின் என்று தெரியாமலே போய்விடலாம். போன தடவை நீங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த கணக்கைத்தான் அவன் போட்டுப் பார்த்திருக்கிறான். 30-ல் நின்றிருக்க வேண்டியது 90 ஆனது அதனால்தான்.

ஹார்வர்டில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மாணவியாக இருந்தபோது ஒரு ஆராய்ச்சி செய்தார். மருத்துவமனைப் பிரிவுகளில் நோயாளிக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்து, எந்தப் பிரிவில் நர்ஸுகள் ஒன்றாக நன்றாக வேலை செய்கிறார்களோ அங்கே தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அங்கே தவறு அதிகம் நடந்தது என்று அர்த்தமில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற பிரிவுகளில் தலைமை நர்ஸுக்குப் பயந்து மூடி வைத்தார்கள். 1996-ல் இது கட்டுரையாக வந்தது. இதன் தொடர்ச்சியாக அவர் செய்த ஆராய்ச்சிகளைத்தான் இன்றைய பல லீடர்ஷிப் புத்தகங்கள் எடுத்துச் சொல்கின்றன.

உங்கள் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நைட் ஷிப்ட் பக்கத்தில் தொடர்ந்து பூஜ்யம் எழுதியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்கிராப் பின்னில் கிடக்கும் பீஸை எண்ணிப் பார்த்து ரிஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் ஆட்கள் உங்களிடம் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதற்கு அளவு.

கார் தொழிலில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு ஆலை இருந்தது. வேலைக்கு வராமல் இருப்பது, தகராறு, மோசமான தரம் என எல்லாவற்றுக்கும் பேர்போனது. லைனை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கதவு கோணலாக இருந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் யார்டில் வைத்துச் சரிசெய்வார்கள். 1982-ல் ஆலையை மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகச் சேர்ந்து நம்மி என்ற பெயரில் அதே இடத்தைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே யூனியன். லைன் ஓரமாக ஒரு கயிறு கட்டினார்கள். தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வருவார், வந்து கை கொடுப்பார். அதற்குள் சரியானால் லைன் ஓடும், ஆகாவிட்டால் நிற்கும். இரண்டொரு வருடத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த தரமுள்ள ஆலைகளில் ஒன்றாக அது பேசப்பட்டது.

இதைக் கேட்டதும் பலரும் 'நாமும் ஒரு கயிறு கட்டலாமே' என்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் தன் வேறு ஆலைகளில் கட்டிப் பார்த்தது. அதே பலன் சீக்கிரம் வரவில்லை. கயிற்றை இழுத்தவனிடம் சூப்பர்வைசர் ஓடி வந்து 'ஏன் நிறுத்தினாய்' என்று கத்தினால், மறுநாள் யார் இழுப்பார்கள்? இழுத்த பிறகு வரும் முதல் நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்களுக்கு அந்த முதல் நிமிடம் தினமும் கிடைக்கிறது. அடுத்த தடவை ஒருவர் வந்து பீஸ் போச்சு என்றால், 'கவனம் எங்க வச்சிருந்தே?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எந்தப் பீஸ்ல இருந்து?' என்று கேளுங்கள். வேலைக்குத் தேவையான கேள்வி அதுதான். சந்தேகப் பீஸை எல்லாம் தனியாக எடுத்துச் சிவப்பு ட்ரேயில் வையுங்கள், இன்சர்ட்டையும் ஆஃப்செட்டையும் அவரோடு நின்று பாருங்கள். மெஷின் திரும்ப ஓடியபின், 'உடனே வந்து சொன்னது நல்லதாப் போச்சு' என்று ஒரு வார்த்தை. ஏன் நடந்தது என்பதை அதற்கப்புறம் பேசலாம். இந்த வரிசை மாறக்கூடாது.

ஏன் என்று கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ தன் புத்தகத்தில் ஒரு நின்றுபோன மெஷினை வைத்து விளக்குவார். மெஷின் ஏன் நின்றது? ஓவர்லோடாகி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு ஆயில் பத்தவில்லை. ஏன்? ஆயில் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. அது ஏன்? வடிகட்டி மாட்டாததால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், கொஞ்ச நாளில் மறுபடி நின்றிருக்கும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். போர் ஏன் பெரிதானது? பழைய ஆஃப்செட் அப்படியே இருந்தது. அது ஏன் தெரியவில்லை? இன்சர்ட் மாற்றியபின் முதல் பீஸை அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை? போர் கேஜ் வேறு மெஷினில் இருந்தது. 'சாக்கு' என்று நீங்கள் தள்ளிவிட்ட வரிதான் மூன்றாவது கேள்விக்குப் பதில். மூன்று மெஷினுக்கு ஒரு கேஜ் என்பது அந்தப் பையன் எடுத்த முடிவு இல்லை. நீங்களும் எடுத்ததில்லை. ராத்திரி ஷிப்டில் இன்ஸ்பெக்டர் இருப்பதாகவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அவனை எடுத்துவிட்டு வேறு ஒருவரை அந்த மெஷினில் நிறுத்தினாலும் இன்னொரு மூன்று மணிக்கு இதே நடக்கும்.

தர நிர்வாகத்தின் பெரிய ஆசான் எட்வர்ட்ஸ் டெமிங், ஆலையில் நடக்கும் கோளாறுகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, அதாவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று தன் அனுபவத்திலிருந்து கணித்தார். அவர் வகுத்த 14 விதிகளில் எட்டாவது, பயத்தை விரட்டு என்பது. இதெல்லாம் அமெரிக்கா, ஜப்பான் விஷயம் என்று யாராவது சொன்னால், ஜப்பானியர்கள் அவர் பெயரில் கொடுக்கும் டெமிங் பரிசை 1998-ல் சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வாங்கியதைச் சொல்லுங்கள். இந்தியாவில் அந்தப் பரிசு முதலில் வந்தது அங்கேதான். 2002-ல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. நம்மைப் போன்ற ஆட்கள், நம் மாதிரி ஷாப் ஃப்ளோரில் செய்து காட்டியது.

சம்பளம் பிடித்தது பற்றி ஒன்று. இதைப் புத்தகத்தை வைத்துச் சொல்லவில்லை. விளக்கம் சொல்ல வாய்ப்பே கொடுக்காமல் ஒருவர் சம்பளத்தில் அபராதமோ நஷ்ட ஈடோ பிடிப்பதை ஊதியச் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்கள் மானேஜர் இதை முறைப்படி செய்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முறைப்படியே செய்திருந்தாலும் இந்தப் பழக்கத்தை விடச் சொல்லி நீங்கள் பேச வேண்டும் என்பதே என் கருத்து. தெரிந்தே மறைத்ததைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் வந்து சொன்னவருக்கும் மறைத்தவருக்கும் ஒரே தண்டனை என்று இருக்கும்வரை யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

சரி, அந்த அண்ணன் விஷயம்.

அதற்குத்தான் ஆண்டி குரோவின் 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' புத்தகத்தைச் சொல்கிறேன். ஒன்றே ஒன்று என்று கேட்டீர்களே, அது இதுதான். 1983-ல் எழுதியது. குரோவ் ஹங்கேரியில் பிறந்தவர், அங்கிருந்து தப்பி அமெரிக்கா போய், சிப் தயாரிக்கும் இன்டெல் தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை பார்த்து அதன் தலைவரானவர். முதல் அத்தியாயமே ஒரு காலை உணவுக் கடையில் ஆரம்பிக்கிறது. முட்டை, டோஸ்ட், காபி மூன்றும் ஒரே நேரத்தில் சூடாக மேஜைக்குப் போக வேண்டும், அதில் அதிக நேரம் பிடிப்பது முட்டை, அதைச் சுற்றித்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும் என்று. சைக்கிள் டைம் தெரிந்த உங்களுக்கு அது ஒரு வாசிப்பில் புரிந்துவிடும். ஆங்கிலம் எளிமையானது. நடுவில் திட்டமிடல், நிறுவன அமைப்பு பற்றி வரும் பகுதிகளை இப்போது தாண்டிவிடலாம்.

அதில் அவர் ஒரு கேள்வி வைக்கிறார். ஆளை நெருக்கமாக நின்று நடத்த வேண்டுமா, அவர் போக்கில் விட வேண்டுமா? ஆளைப் பார்த்து முடிவு செய்யாதே, அந்த ஆளுக்கு அந்தக் குறிப்பிட்ட வேலையில் எவ்வளவு பழக்கம் என்பதைப் பார் என்கிறார். ஒரே மனிதர் ஒரு வேலையில் கரை கண்டவராகவும் இன்னொன்றில் புதியவராகவும் இருப்பார். விற்பனையில் சிறந்து விளங்கிய ஒருவரைத் தொழிற்சாலைப் பொறுப்பில் போட்டதும் தடுமாறியதை உதாரணமாகச் சொல்கிறார்.

உங்கள் அண்ணனுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். காஸ்டிங்கைக் கையில் எடுத்ததும் எங்கே கடினமாக இருக்கும் என்று சொல்வார். சத்தத்தை வைத்தே இன்சர்ட் போய்விட்டதைக் கண்டுபிடிப்பார். அங்கே நீங்கள் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, சொன்னால் காதில் வாங்கத்தான் மாட்டார். ஆனால் முதல் பீஸ் அளவை ஷீட்டில் எழுதுவது, சிஎன்சியில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மெஷின்) ஆஃப்செட் மாற்றியதைக் குறித்து வைப்பது, அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பது இதெல்லாம் அவருக்குப் புதிது. கூச்சமாகவும் இருக்கலாம். என் ஊகம், அவருக்கு நன்றாகத் தெரிந்த செட்டிங்கில் நீங்கள் தலையிடுகிறீர்கள், தெரியாத எழுத்து வேலையில் 'இது கூடவா தெரியாது' என்று விட்டுவிடுகிறீர்கள். இரண்டையும் மாற்றிப் போடுங்கள். செட்டிங்கை அவரிடம் முழுதாக ஒப்படையுங்கள், புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் சேர்த்து. ஷீட் எழுதுவதை முதல் சில நாள் பக்கத்தில் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில் சொல்லிக்கொடுங்கள்.

'அண்ணே' என்று கூப்பிடுவதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நேற்றுவரை கூப்பிட்டதை பதவி வந்ததும் விட்டால் ஷாப் முழுக்க அதைத்தான் பேசும். உங்கள் மானேஜர் கவலைப்படும் விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. 'அண்ணே, முடிஞ்சா கொஞ்சம் அளந்து பாருங்களேன்' என்று சொன்னால் அது கோரிக்கை. 'அண்ணே, இன்சர்ட் மாத்தினா முதல் பீஸ் அளந்து எழுதாம மெஷின் ஓடக்கூடாது. நம்ம ஷிப்டுல எல்லாருக்கும் இதுதான்' என்று சொன்னால் அது உத்தரவு. இரண்டிலும் அண்ணே இருக்கிறது.

குரோவின் இன்னொரு பழக்கம், தனக்குக் கீழே இருப்பவரோடு ஒழுங்காகத் தனியே உட்கார்ந்து பேசுவது. அந்த நேரம் கீழே இருப்பவருடையது, என்ன பேச வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பார். ஒரு மணி நேரமாவது வேண்டும் என்கிறார். ஓடும் ஷிப்டில் அது நடக்காது. டீ நேரத்தில் கால் மணி போதும். ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டாலே ஏதோ பிரச்சினை என்று நினைப்பார்கள். வாரத்துக்கு மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மாதத்துக்குள் 18 பேரையும் சுற்றி வந்துவிடலாம். 'இந்த வாரம் உங்க வேலைக்கு எது தடையா இருந்தது?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் தடவை 'ஒண்ணும் இல்லீங்க' என்றுதான் பதில் வரும். பரவாயில்லை, அடுத்த சுற்றிலும் கேளுங்கள். கூலன்ட் நாற்றம், மெஷின் பக்கத்தில் ஃபேன் இல்லை, ஆலன் கீ காணவில்லை என்று சின்னதாக ஏதாவது வரும். பாக்கெட் நோட்டில் குறித்து, அதில் ஒன்றையாவது அந்த வாரமே முடித்துக் கொடுங்கள். நீங்கள் முடித்துக்கொடுத்த ஆலன் கீதான் அடுத்த மாதம் அவரை ஆஃப்செட் பற்றி வாய் திறக்க வைக்கும்.

பாராட்டு கிண்டலானது என்று எழுதியிருந்தீர்கள். டேல் கார்னகியின் 1936 புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது, நீங்கள் படித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். மனமார்ந்த பாராட்டு வேறு, முகஸ்துதி வேறு என்று அவரே பிரித்துச் சொல்கிறார். மீட்டிங்கில் 'எல்லாரும் சூப்பரா பண்றீங்க' என்பது யாருக்கும் சேராது. 'நேத்து அந்த லாட்டுல புளோ ஹோல் இருக்குன்னு மூணாவது பீஸ்லயே நிறுத்தினீங்க, ஒரு ட்ரே மிச்சமாச்சு' என்று மெஷின் பக்கத்தில் நின்று ஒருவரிடம் சொன்னால் யாரும் பாடம் என்று சொல்லமாட்டார்கள். நடந்த ஒரு காரியம் அதில் இருக்க வேண்டும். கண்டிப்பதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஆளின் முகத்தைக் காப்பாற்ற விடு என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

அப்புறம், புத்தகத்தின் வார்த்தைகளை ஆட்களிடம் பேசாதீர்கள். 'சைக்காலஜிக்கல் சேஃப்டி' (பயமில்லாமல் பேச முடிவது), 'ஒன் ஆன் ஒன்' (தனியாக உட்கார்ந்து பேசுவது) எல்லாம் உங்கள் நோட்டில் இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள், அறிவிக்காமல் செய்யுங்கள். முதல் மாதத்துக்கு நான் சொல்வது அந்த 'எந்தப் பீஸ்ல இருந்து?' மட்டும்தான். ஒரே நேரத்தில் எல்லா மருந்தையும் சாப்பிட்டால் எது கேட்டது என்று தெரியாது.

பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் விஷயத்தில் இந்தப் புத்தகங்கள் கிட்டத்தட்ட மௌனம். அவர்களைக் காண்ட்ராக்டர் மூலம் எடுத்திருந்தால், சம்பளமும் தங்கும் இடமும் லீவும் அவர் கையில் இருக்கும். நீங்கள் எவ்வளவு நல்ல சூப்பர்வைசராக இருந்தாலும் அந்தக் கவலைகளோடுதான் அவர்கள் மெஷின் முன்னால் நிற்கிறார்கள். கூலி நேரத்துக்கு வராத ஆளைக் குழு உணர்வு பேசி உற்சாகப்படுத்த முடியாது, முயற்சி செய்வதே தப்பு. உங்களால் முடிந்தது, அவர்களில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கேட்டு, முதல் பீஸ் விதியையும் ரிஜெக்‌ஷன் ஷீட்டையும் ஹிந்தியிலோ ஒடியாவிலோ மெஷின் மேல் ஒட்டுவது. நீங்களும் வேலைக்குத் தேவையான ஹிந்தி கற்றுக்கொள்ளுங்கள். 'சைஸ் தப்பு, வந்து பாருங்க' என்று ஒருவர் தன் மொழியில் சொன்னால் உங்களுக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் அவர் அடுத்த தடவை சொல்லமாட்டார்.

கடைசியாக, முதலாளியின் மகன். புத்தகம் கொடுத்தவர் என்பதால் உங்கள் பேச்சைக் கேட்கும் மனம் அவருக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் புத்தகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு தாளில் ஒரு பக்கம் 90 காஸ்டிங்கின் விலை, வீணான மெஷின் ஓட்டம், திரும்ப ஓட்டிய நேரம் எல்லாவற்றையும் கூட்டி எழுதுங்கள். மறுபக்கம் இரண்டு போர் கேஜ் வாங்க என்ன ஆகும் என்று கடையில் விசாரித்து எழுதுங்கள். கீழே, அந்தப் பையனுக்கு இந்தத் தடவை சம்பளம் பிடிக்க வேண்டாம் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு வரி. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து கொண்டுபோய்க் கொடுங்கள், அந்தப் பையன் கேஜ் பற்றிச் சொன்னது உண்மைதான் என்பதையும் அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.